பாரமும் பாதையும்

சுற்றிச் செல்வது கோழைத்தனம் என்றும், நேரே ஏறிக் கடப்பது வீரம் என்றும் எண்ணும் மனப்பான்மை நம்மவரிடையே நெடுங்காலமாகக் குடிகொண்டிருக்கிறது. மேடைப் பேச்சில் இது கேட்க இனிதாகவே இருக்கும். ஆனால் நாற்பது டன் பாரத்தோடு மலையடிவாரத்தில் நிற்கும் லாரிக்கு இவ்வுபதேசம் பொருந்துமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

கோலாலம்பூரிலிருந்து குவாந்தானுக்குச் சரக்கு ஏற்றுவோர் முன் இரு வழிகள் உள. ஒன்று, கெந்திங் செம்பா வழியே தித்திவங்சா மலைத்தொடரை ஏறி இறங்கும் காராக் நெடுஞ்சாலை. ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மற்றொன்று, தெற்கே தங்காக் வரை சென்று, சிகாமட்டைத் தொட்டு, முவாட்ஸாம் ஷா வழியாக வடகிழக்கே திரும்பும் வழி. இது 400 கிலோமீட்டரைத் தாண்டும். ஆயினும் அம்மலைத்தொடரைக் கடக்க வேண்டுவதில்லை.

தூரத்தை மட்டும் நோக்குவோர்க்கு முதல் வழியே அறிவுடைமையாகத் தோன்றும். பாரத்தை நோக்குவோர்க்கு அப்படியன்று. சமனான சாலையில் லாரியை உருட்டிச் செல்ல, அதன் எடையில் நூற்றில் ஒரு பங்களவு இழுவிசை போதும். நூறு அடிக்கு ஐந்தடி உயரும் ஏற்றத்திலோ, அதற்கு மேலும் நூற்றில் ஐந்து பங்கு வேண்டும். ஆக ஆறு மடங்கு. ஏற்றம் எண்ணெயைத்தான் தின்னும், அது போகட்டும். இறக்கமன்றோ அஞ்சத்தக்கது! நாற்பது டன் எடை 300 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வந்து சேருங்கால், அது வெளிவிட வேண்டிய சக்தி 400 லிட்டர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. தாழ்ந்த கியரில் மெல்ல இறங்கினால் அதில் ஒரு பகுதியை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். விரைந்து இறங்கினாலோ, பெரும்பாலும் பிரேக்கின் தலையிலேயே விழும். அளவுமீறிச் சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். ஓட்டுநர் மிதிப்பார், வண்டி நில்லாது.

இருப்புப்பாதை அமைத்தோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். மேற்குக் கரையிலிருந்து கிளந்தானுக்குப் பாதை வேண்டியபோது, அவர்கள் தித்திவங்சாவின் மீது ஏறத் துணியவில்லை. தெற்கே கிம்மாசில் கிளை பிரித்து, மலைக்குக் கிழக்கே காடுகளினூடே வடக்கு நோக்கிச் சென்று, தும்பாட் வரையிலான பாதையை 1931இல் நிறைவேற்றினர். இந்நாட்டு இருப்புப்பாதைகளில் வியர்வை சிந்திய தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இதனை மறத்தலாகாது. இக்காலத்துக் கிழக்குக்கரை இரயில் திட்டத்திலும், அம்மலையின் வயிற்றில் 16 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் குடைந்தார்களேயன்றி, முதுகின்மேல் ஏறினாரல்லர். இவர்களையெல்லாம் கோழைகள் என்பார் உளரோ?

சமவெளியென்றால் ஆபத்தில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 2025 மே 13ஆம் நாள் தெலுக் இந்தானில், மலையே இல்லாத மண்ணில், கல் ஏற்றிய லாரியும் போலீஸ் வண்டியும் மோதிக் காவலர் ஒன்பதின்மர் மாண்டனர். நீண்ட நேர்ச்சாலை உறக்கத்தை வருவிக்கும் என்பதும் மெய்யே. நல்ல பிரேக்கும், அளவான பாரமும், ஓய்வுற்ற ஓட்டுநரும் அமைந்தால் மலைவழியே செல்வது குற்றமாகாது. நம் வழக்கு வேறு. சமவழியின் செலவு எண்ணெயாகவும் கூலியாகவும் சரக்குக்குரியவரின் கணக்கேட்டில் ஏறுகிறது. மலைவழியின் செலவோ எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அதை ஓட்டுநரும், அவருக்கு முன்னே சிறு காரில் பிள்ளைகளோடு செல்லும் யாரோ ஒருவரும் ஏற்கிறார்கள். ஓட்டுநரையாவது ஒரு சொல் கேட்டிருக்கலாம். அந்தக் காரில் இருந்தவரை யார் கேட்டார்கள்? அவர் அறியாமல் அவர் உயிரைப் பணயம் வைத்து மிச்சப்படுத்திய பணத்தை இலாபம் என்று எழுதுவது எந்த அறநூலுக்கு ஒக்கும்?

விபத்து நேர்ந்தபின் ‘விதி’ என்கிறோம். புது வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கக் காட்டும் சிரத்தையில் பாதியைப் பிரேக்கைச் சோதிப்பதில் காட்டினால் விதிக்கு வேலை குறையும்! பிரேக் சூடேறுவதற்குக் காரணம் உண்டு; அக்காரணத்திற்குப் பின்னே ஓர் உத்தரவும் உண்டு.

மயிலிறகேயாயினும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் எவ்விடத்தில் வைத்தார் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘வலியறிதல்’ என்னும் அதிகாரம் அரசியலைச் சேர்ந்தது. அது வண்டியோட்டிக்குச் சொன்ன புத்தியன்று. ஆணையிடும் மன்னனுக்குச் சொன்னது. நம் நாளிலோ புத்திமதியெல்லாம் ஓட்டுநருக்கே வழங்கப்படுகிறது. ‘கவனமாகப் போ’ என்கிறார் முதலாளி. ‘வழி உன் விருப்பம்’ என்றும் பெருந்தன்மையோடு சொல்கிறார். ஒரு நடைக்கு இவ்வளவு எனக் கூலி பேசப்பட்டிருக்குமாயின், சிகாமட் வழியே செல்பவன் மறுநடையை இழப்பான். வீட்டில் அரிசி குறையும். அவனுக்குள்ள விருப்பம் இவ்வளவே. தெற்கு வழியில் மிகுதியாகக் கழியும் மணிகளுக்குக் கூலி உண்டா, இல்லையா என்று தொழிற்சங்கத் தோழர்கள் அந்த முதலாளியைக் கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் பெற வேண்டும்.