தப்போடு வந்த நத்தார் பாட்டு

(நத்தார் இராத் திருப்பலி மறையுரை, பூண்டுலோயா)



வாசகங்களுக்கு நடுவே நாம் பாடியது 96ஆம் திருப்பாடல். ஆண்டவருக்குப் புதுப்பாட்டுப் பாடச் சொல்கிறது அது. உலகம் முழுக்க நத்தார் இராத் திருப்பலிக்குக் குறித்திருப்பது இந்தத் திருப்பாடலைத்தான். நம் பிள்ளைகள் அதற்கு முன்னமே கீழ்ப்படிந்துவிட்டார்கள். திருவருகைக் காலத்து ஞாயிறுகளில் பாடாமல் வைத்திருந்த வானவர் கீதத்தை, புது மெட்டில், கீபோர்டும் தப்பு மேளமும் சேர்த்துப் பாடினார்கள். சிலருக்குக் கண் கலங்கியது. சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். பீடத்தில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியும்.

“பழைய பாட்டே நல்லாத்தானே இருக்கு சாமி, எதுக்குப் புதுசு?” என்று ஒத்திகை நாட்களிலேயே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் மனதில் இருந்தது பாலன் குடிலருகே நாம் வருடந்தோறும் மெதுவாகப் பாடும் அந்த அமைதி இரவுப் பாட்டு. அந்தப் பாட்டுக்கும் ஒரு முதல் இரவு இருந்தது. 1818 டிசம்பர் 24. ஒஸ்திரியாவில் ஓபெர்ன்டோர்ஃப் என்ற படகோட்டிகளின் ஊர். உதவிக் குரு யோசேப்பு மோர், இரண்டு வருடத்துக்கு முன் தாம் எழுதிவைத்திருந்த வரிகளை எடுத்துக்கொண்டு, பிரான்ஸ் குரூபர் என்ற பள்ளிக்கூட வாத்தியாரிடம் போனார். அன்றைக்கே மெட்டுப் போட்டு, அன்றிரவே கோயிலில் பாடினார்கள், கிதாரை மீட்டி. (எலி ஆர்கனைக் கடித்துவிட்டதால்தான் கிதார் என்பார்கள். அது பிறகு யாரோ கட்டிய கதை.) கிதார் அன்றைக்குக் கோயில் வாத்தியம் அல்ல. அன்று அங்கேயும் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் உங்களை உறுத்தியது மெட்டு அல்ல, தப்புத்தான். அதைப் பேசிவிடுவோம்.

2023இல், மலையகத்தின் 200 ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்து வந்தார்கள். முதலில் அந்தக் காட்டுவழியே வந்த நம் முன்னோர்கள் மூட்டை முடிச்சோடு தப்பையும் கொண்டுவந்தார்கள். விடியுமுன் லயத்து ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பியது அதுதான். சாவு வீட்டில் கூடவே இருந்ததும், காமன் கூத்தில் ஊரை விழித்திருக்க வைத்ததும் அதுதான். அடித்த மனிதரை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். ‘கோயிலுக்குள் சாவு மேளமா?’ என்று கேட்பவர்கள் தோலைப் பற்றிப் பேசவில்லை, அடிக்கிற கையின் சாதியைப் பேசுகிறார்கள். நத்தார் இரவில் இதையெல்லாம் சொல்லவேண்டுமா என்று யோசித்தேன். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் இரவில் சொல்லாமல் வேறு எந்த இரவில் சொல்வது?

எந்த வாத்தியம் கோயிலுக்குள் வரலாம் என்ற கேள்வியைத் திருச்சபை எப்போதோ தீர்த்துவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி தந்த திருவழிபாட்டுச் சாசனத்தின் 119ஆம் எண், சொந்த இசை மரபுள்ள மக்களின் இசைக்கு வழிபாட்டில் உரிய இடம் கொடுக்கச் சொல்கிறது. அடுத்த எண் ஆர்கனுக்கு முதல் மரியாதை செய்துவிட்டு, மற்ற வாத்தியங்களுக்கும் கதவு திறக்கிறது. நிபந்தனையும் உண்டு: வழிபாட்டுக்குத் தகுந்ததாக இருக்கவேண்டும், விசுவாசிகளின் மனதை உயர்த்தவேண்டும். ஆகவே பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், குச்சியின் வேகத்தில் வார்த்தை மூழ்கக் கூடாது என்று. மூழ்கவில்லை. இந்தப் பனியில் தோல் தொய்ந்துவிடும் என்று கோயிலுக்குப் பின்னால் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக் காய்ச்சி எடுத்து வந்தார்கள், பார்த்தீர்களா?

புதிது என்பதற்காக எல்லாவற்றையும் நான் ஏற்கமாட்டேன். சினிமா மெட்டில் யேசுவின் பெயரைச் செருகினால் அது புதுப்பாட்டு ஆகாது. கரோக்கி ட்ராக்கும் வேண்டாம் என்றேன். பதிவுசெய்த இசைக்கு விசுவாசம் இல்லை, பிசகினாலும் பிள்ளையின் தொண்டைக்கு உண்டு. அதே சாசனம் 121ஆம் எண்ணில், பெரிய பாடகர் குழாங்களுக்கு மட்டுமல்லாமல், சிறிய குழாங்களுக்கும் ஏற்ற பாட்டுகளை ஆக்கச் சொல்கிறது. கூடியிருக்கும் மக்கள் எல்லாரும் பங்குகொள்ளும்படி ஆக்கச் சொல்கிறது. எல்லாரும் என்றால் நீங்களும்தான். இது ஒளிவிழா மேடை அல்ல. போனை உயர்த்திப் பிள்ளையைப் படம்பிடித்த பெற்றோரே, உங்கள் வாய் மூடியிருந்தது. காணிக்கைப் பாட்டில் பல்லவியைப் பிள்ளைகள் ஒருமுறை பாடுவார்கள். அடுத்த முறை கோயில் முழுக்கப் பாடவேண்டும்.

குரல் சரியில்லை என்று வெட்கப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2015 டிசம்பர் 31ஆம் திகதி ரோமில் உலகப் பாலர் பாடகர் குழாங்களின் பிள்ளைகள் பாப்பரசர் பிரான்சிஸைச் சந்தித்தார்கள். பாட்டைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டபோது, தாம் பாடினால் கழுதை கத்துவதுபோல இருக்கும் என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். நம் குடிலில் கழுதைக்கும் இடம் இருக்கிறது, பயப்படாமல் பாடுங்கள்.

கடைசியாக ஒன்று. நற்செய்தியில் வானவரின் பாட்டை முதலில் கேட்டவர்கள் யார்? ஊர் தூங்கும்போது கிடைக்குக் காவல் இருந்தவர்கள். கோயிலுக்கு வந்து கேட்கவில்லை. வேலைத்தலத்தில், வேலை நேரத்தில், பாட்டு அவர்களைத் தேடிப் போனது. நம் ஆட்கள் சிலர் இப்போது தேயிலை ஸ்டோரில் இராவேலையில் இருக்கிறார்கள், கொழுந்து காத்திருக்காது. திருப்பலி முடிந்ததும் பிள்ளைகள் ஸ்டோர் வாசலுக்குப் போய் இதே வானவர் கீதத்தைப் பாடுகிறார்கள். தப்பும் போகிறது. துரையிடம் அனுமதி வாங்கியாயிற்று. பாதை வழுக்கும், டோர்ச் உள்ள பெரியவர்கள் நாலைந்து பேர் கூடவே போங்கள். சின்னப் பிள்ளைகளைத் தனியே விடவேண்டாம்.

இப்போது எழுந்து நின்று விசுவாச அறிக்கை செய்வோம். அவர் மனிதரானார் என்று சொல்லும் இடத்தில், இன்று எல்லாரும் முழந்தாளிடுவோம்.