வியந்தோம், கேட்டோமா?

"விரலா அது? மின்னல்! மனிதன் மீட்டுவதா இது? தேவன் மீட்டுவது!" என்றார் முதல் நண்பர்.

"மின்னல் இருக்கட்டும், மழை எங்கே? வித்தை கண்டேன், உள்ளம் நனையவில்லை" என்றார் இரண்டாமவர்.

"பேஸ் கிட்டார் பின்னால் நின்று பாட்டைத் தாங்க வேண்டிய கருவி. அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதே முறையன்று" என்றார் மூன்றாமவர், சற்றுச் சினத்தோடு.

"இசையிலக்கணம் அறியாத நாம் இதைப்பற்றிப் பேசலாமா? அறிந்தவர்கள் பெரிது என்கிறார்கள். பெரிது என்று ஒப்புக்கொள்வதே நமக்கு அழகு" என்றார் நான்காமவர்.

ஒரே அறை, ஒரே மாலை, ஒரே இசைத்தட்டு. கருத்துகளோ நான்கு! ஐந்தாவதாக என் கருத்தை நான் கூறியிருக்க வேண்டும். கூறவில்லை. முதல் நண்பரின் சொற்களையே சற்று மெருகேற்றி, அவரினும் உரக்கப் புகழ்ந்துவிட்டு வீடு திரும்பினேன். மறுநாள் பள்ளியிலும் அந்தப் புகழுரையை அவிழ்த்துவிட்டேன். கேட்டிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, அதில் தங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி எது?"

எளிய கேள்வி. என்னிடம் விடையில்லை! 'ஏன் என்று கேள், எப்படி என்று கேள்' என்று கரும்பலகையின் முன் நின்று நாள்தோறும் முழங்குகிறவன் நான். அன்று ஒரு சிறுவன் என்னைக் கேட்டான்; நான் விழித்தேன். கேட்காமலே கேட்டதாகச் சொன்னேன். உணராமலே உணர்ந்ததாகச் சொன்னேன். இது பொய்யன்றி வேறென்ன?

தோழர்களே! இசை பற்றிய சிறு செய்திதானே என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். நமக்குப் புரியாத பெருந்திறமை ஒன்றின் முன் நிற்கும்போது நாம் செய்ய வேண்டுவது என்ன? மண்டியிடுவதா? முகத்தைத் திருப்பிக்கொள்வதா? கருத்துக் கூறும் உரிமை யாருக்கு உண்டு? கூறுகிறவனின் கடமை யாது? இவைதாம் எனக்குள் எழுந்த வினாக்கள்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த இசைத்தட்டு அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்பவருடையது. அவர் பெயரையே தலைப்பாகக் கொண்டு 1976-இல் எபிக் நிறுவனம் வெளியிட்டது. 1951-இல் பிறந்தவர், ஃபுளோரிடா மாநிலத்து ஃபோர்ட் லாடர்டேல் நகரில் வளர்ந்தவர். தந்தை முரசுக் கலைஞர். மகனும் முதலில் முரசுதான் பயின்றார். பதின்மூன்றாம் வயதில் விளையாட்டுத் திடலில் மணிக்கட்டு அடிபட்டது. முரசு கைவிட்டது, பேஸ் கிட்டார் கைவந்தது. 1975-இல் பாபி கொலம்பி என்னும் இசைக்கலைஞர் அவர் வாசிப்பைக் கேட்டு வியந்தார். அதன் விளைவே அந்த இசைத்தட்டு.

பேஸ் கிட்டார் என்பது நான்கு தந்திகள் கொண்ட கருவி. கிட்டாரினும் ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிப்பது. லியோ ஃபெண்டர் என்பவர் 1951-இல் செய்து விற்ற கருவியே அதனைப் பரவச் செய்தது. வீணையில் இருப்பதுபோல் அதன் கழுத்திலும் உலோக மெட்டுகள் உண்டு. விரல் எங்கே அழுந்த வேண்டும் என்பதை அவை வரையறுத்துவிடும். பாஸ்டோரியஸ் கையிலிருந்த 1962-ஆம் ஆண்டுக் கருவியிலோ மெட்டுகள் நீக்கப்பட்டிருந்தன. மெட்டு இருந்த பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எபாக்சிப் பிசினை அதன்மீது பூசினார். தடையில்லாத பாதையில் விரல் வழுக்கியது. தந்தி மனிதக் குரல்போலக் குழைந்தது. பிசின் தந்த கடினம் அந்த ஒலிக்குப் பளபளப்பையும் தந்தது.

பார்த்தீர்களா? மாயமில்லை, மந்திரமில்லை. மரம், பிசின், தந்தி, அவற்றோடு அயராத பயிற்சி! ஒலி எப்படிப் பிறந்தது என்று அறிவதால் அதன் இனிமை குறையவில்லை. கூடத்தான் செய்கிறது.

இனி, நண்பர்களின் கருத்துகளுக்கு வருவோம்.

"மின்னல்" என்று புகழ்ந்தவரைக் கேட்கிறேன்: விரைவு ஒன்றே உயர்வா? கயிற்றின்மேல் நடப்பது கடினம். கயிற்றின்மேல் தலைகீழாக நடப்பது அதனினும் கடினம். கடினமானதெல்லாம் கலையாகிவிடுமா? அந்த இசைத்தட்டின் முதற்பாடல் 'டோனா லீ'. சார்லி பார்க்கர் 1947-இல் சாக்சஃபோனில் ஊதிப் பதிவுசெய்த ஜாஸ் இசை அது. மூச்சால் ஊதும் கருவிக்கு இயல்பான அந்த வளைவுகளை, தடித்த தந்திகளில், டான் அலையாஸ் என்பவரின் காங்கா முரசு ஒன்றையே துணையாகக் கொண்டு பாஸ்டோரியஸ் மீட்டுகிறார். கடினம் என்பது உண்மை. ஆனால் அதனைச் சிறப்பிப்பது கடினமன்று. அவ்வளவு விரைவிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும் பேச்சுபோல இருக்கிறதே, அந்தத் தெளிவே அதன் சிறப்பு. "எத்துணை விரைவு!" என்று வாய்பிளந்தவர் அதைத் தவறவிட்டார்.

"இவரே முதல்வர்" என்று முழங்குவோரும் உண்டு. மெட்டில்லாத பேஸ் கிட்டாரை ஆம்பெக் நிறுவனம் 1966-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஸ்டான்லி கிளார்க் என்னும் பேஸ் கலைஞர் 1974-லேயே தம் பெயரில் இசைத்தட்டு வெளியிட்டிருந்தார். ஒருவரை உயர்த்துவதற்காக முன்னோடிகளை மறைப்பது புகழ்ச்சியாகுமா? அது பிறர்க்கு இழைக்கும் அநீதி. பாஸ்டோரியசின் பெருமைக்குப் பொய் தேவையில்லை.

"பின்னால் நிற்க வேண்டிய கருவி" என்றாரே மூன்றாமவர், அவரைக் கேட்கிறேன்: அந்த இடத்தை யார் விதித்தார்? எந்த நாளில் விதித்தார்? தாங்குவதற்கென்றே பிறந்தது ஒன்று, ஓங்குவதற்கென்றே பிறந்தது மற்றொன்று என்னும் பேச்சை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். அதன் கொடுமையையும் கண்டிருக்கிறோம். மனிதர்க்குப் பொருந்தாத விதி மரத்துக்கும் தந்திக்கும் மட்டும் எப்படிப் பொருந்தும்? வழக்கத்தை இயற்கை என்று எண்ணி மயங்குவதே இந்தக் கருத்தின் பிழை.

எனினும் அவர் சொல்லிலும் ஓர் உண்மை உண்டு. அடித்தளமின்றி மாளிகை இல்லை. எல்லோரும் முன்னே வந்து முழங்கினால் அது இசையன்று, இரைச்சல். இதனைப் பாஸ்டோரியஸ் அறிந்திருந்தார். 'கம் ஆன், கம் ஓவர்' என்ற பாடலில் சாம் மூர், டேவ் பிரேட்டர் என்னும் இரு பாடகர்களின் குரல்களைத் தாங்கி நிற்கிறார். இறுதிப் பாடலான 'ஃபர்காட்டன் லவ்' என்பதிலோ ஹெர்பி ஹான்காக்கின் பியானோவும் வில்லிசைக் கருவிகளுமே ஒலிக்கின்றன. பேஸ் கிட்டார் இல்லவே இல்லை! தம் பெயர் பொறித்த தட்டில், தம் முதல் அறிமுகத்தில், கடைசிச் சொல்லைப் பிறரிடம் கொடுத்துவிட்டு மௌனமாகிறார் வித்தகர். "வித்தை காட்டுகிறார்" என்று இகழ்வோர் அந்த மௌனத்தைக் கேட்டதுண்டா?

"உள்ளம் நனையவில்லை" என்ற நண்பரை நான் பழிக்க மாட்டேன். அந்த அறையில் தம் காதை நம்பிப் பேசியவர் அவரே. சமைக்கத் தெரியாதவனுக்கும் சுவை சொல்லும் உரிமை உண்டு. ஆனால், "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது ஒன்று; "அதில் ஒன்றுமில்லை" என்பது மற்றொன்று. முன்னது தம்மைப்பற்றிய செய்தி, மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பின்னது இசையைப்பற்றிய தீர்ப்பு. காரணம் காட்டியே ஆகவேண்டும். ஒருமுறை கேட்டுவிட்டுத் தீர்ப்பெழுதுவது, சாட்சியை முழுதும் கேளாமல் எழுந்துவிடும் நீதிபதியின் செயல்.

"அறிந்தவர் சொன்னால் ஒப்புக்கொள்வோம்" என்ற நான்காமவரிடந்தான் எனக்குக் கவலை மிகுதி. அறிந்தவரிடம் கற்போம், தடையில்லை. எதைக் கேட்க வேண்டும், எங்கே உற்றுக் கேட்க வேண்டும் என்று அவர் காட்டட்டும். ஆனால் நமக்காக அவர் கேட்க முடியாது. என் பசிக்கு இன்னொருவர் உண்ண முடியுமா? அடக்கம் என்னும் போர்வையில் அறிவை அடகுவைப்பதை நற்பண்பு என்று எப்படிச் சொல்வது?

முதல் நண்பரிடம் மீண்டும் வருகிறேன். "தேவன்" என்றாரே! வேடிக்கையாகச் சொன்ன சொல்தான். ஆயினும் அச்சொல்லின் விலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாமே உலகின் தலைசிறந்த பேஸ் கலைஞர் என்று பாஸ்டோரியசும் கூறிக்கொண்டவர்தான். அரங்கங்கள் ஆர்ப்பரித்தன. ஆனால் 1982-இல் அவருக்கு மனநோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டனர். பெருங்களிப்பும் பெருந்துயரும் மாறிமாறி ஆட்டிப்படைக்கும் நோய். நியூயார்க் நகரின் பூங்காவில் உறங்கிய நாள்களும் வந்தன. 1987 செப்டம்பரில் ஒருநாள் இரவு, ஃபுளோரிடாவில் சந்தானா இசைநிகழ்ச்சியின்போது மேடையேறினார், இறக்கி வெளியேற்றப்பட்டார். அவ்விரவிலேயே விடுதியொன்றின் வாயிலில் பணியாளர் ஒருவரால் கடுமையாகத் தாக்கப்பட்டார். செப்டம்பர் 21 அன்று இறந்தார். வயது 35!

இரசிகர்களின் புகழுரை அவரைக் கொன்றது என்று நான் கூறவில்லை. அது உண்மையுமன்று. நோய் அவரை அலைக்கழித்தது. ஒரு முரடனின் கை அவரைச் சாய்த்தது. உற்றார் சிலர் உதவ முயன்றதும் உண்டு. நான் கேட்பது வேறு. மேதை என்றால் பித்தும் இருக்கும் என்று ஒரு பேச்சு உலவுகிறதே, அது யாருக்கு நன்மை? கிறுக்குத்தனத்தைத் தெய்வீகத்தின் அடையாளமாகக் கண்டு களிக்கும் கூட்டத்துக்கு நோயாளியின் கண்ணீர் தெரியுமா? தேவனுக்கு மருந்து வேண்டாம், மனிதனுக்கு வேண்டும். தேவனுக்குத் தூக்கம் வேண்டாம், வீடு வேண்டாம், மனிதனுக்கு வேண்டும். ஒருவரைத் தேவன் என்று தூக்கி வைக்கும்போது அவரிடமிருந்து மனிதர்க்குரிய பரிவைப் பறித்துக்கொள்கிறோம். மேடையில் ஏற்றியவரை மேடையிலிருந்து இறக்கும் நாளும் வருகிறது. வணங்குவதும் விரட்டுவதும் இருவேறு செயல்கள் போலத் தோன்றும். இரண்டிலும் மனிதரைக் காணவில்லை என்பதே உண்மை.

அந்த மாணவனுக்கு விடை கூற வேண்டுமே! ஆகவே அந்த இசைத்தட்டை மீண்டும் கேட்டேன். தனியாக, யாருடைய கருத்தும் காதில் விழாதபடி, மூன்று மாலைகள் கேட்டேன்.

பின்னர் அவனிடம் சொன்னேன்: "தம்பி, அன்று நான் சொன்னவை என் சொற்கள் அல்ல. இப்போது சொல்பவை என்னுடையவை. 'போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி' என்னும் பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது. துணைவியின் பெயரால் அமைத்த இசை. பேஸ் கிட்டார் ஒன்றே ஒலிப்பது. தந்தியை அழுத்தாமல், அதன் பாதியிலும் மூன்றிலொரு பங்கிலும் நான்கிலொரு பங்கிலும் விரலால் மெல்லத் தொட்டு மீட்டினால் மணியோசை போன்ற மேலொலிகள் பிறக்கும். தாழ்ந்த ஒலிக்கென்றே செய்த கருவியிலிருந்து அவ்வளவு உயர்ந்த ஒலி எழுவது என் நெஞ்சைத் தொட்டது. எஃகு முரசுகள் ஒலிக்கும் 'ஓபஸ் போகஸ்' என்னைக் கவரவில்லை. ஏன் என்று இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்."

அவனும் வாங்கிக் கேட்டான். நான்கு நாள் கழித்து வந்து, "ஐயா, எனக்கு அந்த முரசுதான் பிடித்தது" என்றான். காரணமும் சொன்னான்!

என் கருத்தை அவன் மறுத்தான், நான் மகிழ்ந்தேன். அன்றுதான் ஆசிரியனானேன் என்றுகூடத் தோன்றியது.

தோழர்களே! திறமையைக் கண்டால் போற்றுவோம். அதன் காரணத்தை அறிந்து போற்றுவோம். பிடிக்காவிடின் மறுப்போம், முழுதும் கேட்டபின் மறுப்போம். கைதட்டுமுன் காதுகொடுப்போம். கலைஞனுக்கு நாம் தரக்கூடிய உயர்ந்த காணிக்கை கற்பூரமன்று, கவனம். அவன் கேட்பதும் அதுவே.