பரண் கட்டும் இடம்

சென்ற ஐப்பசியில் என் தங்கை மகன் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் பேசினான். மிச்சிகன் மாநிலத்தில் அவனுக்கு வேலை. உடன் வேலை பார்ப்பவர்கள் நவம்பர் மாதத்தில் மான் வேட்டைக்குப் போகிறார்களாம், இவனையும் அழைக்கிறார்களாம். அங்கே அது சட்டப்படி நடப்பதுதான். துப்பாக்கி வேட்டைக்கு நவம்பர் 15 முதல் 30 வரை தவணை. உரிமச் சீட்டு வாங்க வேண்டும். "மாமா, மரத்திலே உட்காருகிற பரணைக் கடையில் விற்கிறார்கள். ஏணியோடு சேர்ந்தது ஒன்று, மரத்தில் கட்டித் தொங்கவிடுவது ஒன்று, நாலு பக்கமும் அடைத்த கூண்டு ஒன்று. இங்கே கடுங்குளிர். எதை வாங்கலாம்? நீங்கள் கரிசல் காட்டுப் பரணிலே படுத்தவர்தானே?" என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தபோது அது சிரித்துத் தள்ளும் கேள்வியாக இல்லை.

எங்கள் நன்னாவுக்குக் கோவில்பட்டிப் பக்கம் குருமலைக் காட்டை ஒட்டி நாலு குறுக்கம் புஞ்சை இருந்தது. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் சோளமும் விதைப்பார்கள். மார்கழியில் பயிர் காய் பிடிக்கும்போது குருமலைப் புள்ளிமான்கள் இரவோடு இரவாக இறங்கிவிடும். நாலு மான் ஒரு ராத்திரி மேய்ந்தால் ஒரு வீட்டின் ஆறு மாதப் பாடு போய்விடும். ஆகவே இஷாத் தொழுகை முடிந்ததும் நன்னா காவலுக்குப் போவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போவேன். கரிசலில் பகல் வெயிலை அறிந்தவர்கள் மார்கழி இரவை அறியமாட்டார்கள். மண் குளிர்ந்து, பனி இறங்கி, வாடைக்காற்று வீசினால் கம்பளிக்குள் இருக்கும் எலும்பும் நடுங்கும்.

எங்கள் பரண் புஞ்சையின் நடுவே, நாலு கம்பு நட்டு, மேலே பருத்தி மார் பரப்பிக் கட்டியது. கீழே தீ மூட்டியிருக்கும். கையில் தகர டப்பாவும் கவணும். நன்னா தாராளமாக இருமுவார், திக்ரு சொல்லுவார், நடுநடுவே எழுந்து நின்று சத்தம் போடுவார். நாங்கள் அங்கே இருக்கிறோம் என்பது மானுக்குத் தெரியவேண்டும். அதுதான் காவலின் முழு இரகசியமும்.

ஓடைக் கரையில் ஒரு புளியமரத்தில் இன்னொரு பரண் இருந்தது. அது வேறொருவருடையது. அவரிடம் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. வாடை வடகிழக்கிலிருந்து வரும் என்பதால் மான் வரும் தடத்துக்குத் தென்மேற்கே, இலை அடர்ந்த கிளையில் அதைக் கட்டியிருந்தார். தீ கிடையாது, பீடி கிடையாது, இருமல் வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொள்வார். ஓர் இரவு வெடிச்சத்தம் கேட்டது. காலையில் பார்த்தால் எங்கள் வரப்பில் இரத்தச் சொட்டுகள், உடங்காட்டுக்குள் போய் மறைந்தன. முள்ளுக்குள் யாரும் போகவில்லை. மூன்றாம் நாள் காற்றிலே நாற்றம் வந்தது. நன்னா அன்று என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நாம நடுப் புஞ்சையில பரண் கட்டுறோம், அவரு ஓரத்துல கட்டுறாரு. பரண் ஒண்ணுதான், கட்டுன இடத்தைப் பார்த்தா எதுக்குக் கட்டுனதுன்னு தெரிஞ்சுபோகும்."

நிய்யத்து என்பது உள்ளத்தில் மறைந்திருப்பது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற ஹதீஸை மேடைதோறும் கேட்கிறோம். ஆனால் ஒருவன் எங்கே கம்பு நடுகிறான், காற்றுக்கு எந்தப் பக்கம் உட்காருகிறான் என்பதிலேயே அவன் எண்ணம் வெளியே வந்துவிடுகிறது.

இதைச் சொன்னவுடன் சிலர், "வேட்டை ஹலாலாயிற்றே, அதைக் குறைசொல்ல நீங்கள் யார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இஹ்ராமில் இல்லாதவர்களுக்கு வேட்டையை அல்லாஹு தஆலா ஆகுமாக்கியிருக்கிறான். சூரத்துல் மாயிதாவிலே அது தெளிவாக இருக்கிறது. மறைந்திருந்து வேட்டையாடுவதும் குற்றமல்ல; மறையாமல் மானை யாரால் நெருங்க முடியும்? ஆகவே மரத்தில் ஏறியதற்காக எவரையும் பாவி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் கேட்பது வேறு. ஏறி உட்கார்ந்தவன் எந்த நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறான்?

முதலாவது, குண்டு. அம்பும் ஈட்டியும் கூர்மையால் துளைத்துக் கொல்பவை. பிஸ்மில்லாஹ் சொல்லி எய்து, அதனாலேயே பிராணி இறந்தாலும் உண்ணலாம். கூர்முனையால் படாமல் பக்கவாட்டில் மோதிய அடியால் இறந்ததை உண்ணக்கூடாது என்று அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். துப்பாக்கிக் குண்டு இவற்றில் எதைச் சேர்ந்தது என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குண்டு வேகத்தாலும் மோதலாலும் கொல்வது என்பதால், உயிரோடு பிடித்து அறுத்தாலன்றி அது ஆகாது என்பதே நம் நாட்டு உலமாக்களில் பெரும்பாலோர் கொண்ட முடிவு. ஆகும் என்ற அறிஞர்களும் இருக்கிறார்கள். பிஸ்மியை வேண்டுமென்றே விட்டால் ஹனஃபி மத்ஹபில் அது ஹராம். ஷாஃபிஈ மத்ஹபில் பிஸ்மி சொல்வது சுன்னத்து. மறந்து விட்டால் இரு மத்ஹபிலும் மன்னிப்பு உண்டு.

இந்த மஸ்அலாவை வைத்துக்கொண்டு மருமகனின் கேள்வியைப் பாருங்கள். கடைக்காரன் எந்தப் பரணில் உட்கார வசதி, எதில் குளிர் தெரியாது என்று சொல்லுவான். நம் ஷரீஅத்து வேறொன்றைக் கேட்கிறது: எந்தப் பரணிலிருந்து விரைவாக இறங்கலாம்? சுட்டபின் உயிர் இருக்கும்போதே ஓடிப்போய்க் கத்தி வைக்க வேண்டுமே! இருபது அடி உயரத்தில், விழாமல் இருக்க இடுப்பையும் தோளையும் வாரால் பிணைத்துக்கொண்டு, விரல் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பவன் அந்த வாரை அவிழ்த்து இறங்குவதற்குள் என்ன ஆகும்? வாரைக் கட்டாதே என்றும் சொல்ல முடியாது. பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் அந்த நாட்டில் ஏராளம். ஆகவே உயரம் குறைந்ததும், ஏணி உள்ளதும், மான் வரும் இடத்துக்குக் கிட்டத்தில் உள்ளதும் நல்லது என்று சொன்னேன். அல்லாஹ் எல்லாவற்றிலும் நேர்த்தியை விதித்திருக்கிறான், கொல்லும்போதும் அதை நேர்த்தியாகச் செய்யவேண்டும், பிராணிக்கு வேதனையைக் குறைக்கவேண்டும் என்ற கருத்தில் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. நடுங்கும் விரலுக்கு நேர்த்தி ஏது? குளிர் தாங்கும் உடுப்பு வாங்குவதும் அந்த வகையில் மார்க்கத்தைச் சேர்ந்ததாகிவிடுகிறது.

அந்த நாட்டுச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிருந்து, அடைந்து அரை மணி வரைதான் மானைச் சுடலாம், இரவில் கூடாது. புளியமரத்தில் உட்கார்ந்தவருக்கு அந்தச் சட்டம் இருந்திருந்தால் எங்கள் வரப்பில் அந்த இரத்தம் விழுந்திருக்காது. மனிதர் கண்ணுக்குத் தெரியும்படி ஆரஞ்சு நிற உடுப்பும் போடவேண்டுமாம். மானின் கண்ணுக்கு அந்த நிறம் எடுத்துத் தெரியாது. மனிதனுக்குப் பளிச்சென்று தெரியும்.

மான் மேய வரும் நேரம் எது என்று கேட்டால் விடியலும் அந்தியும் என்பார்கள். அதாவது சுபுஹும் மஃரிபும்! வேட்டையின் பின்னே போகிறவன் கவனமற்றவனாகிவிடுகிறான் என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸுக்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இனி, மனத்தை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். மாயிதா சூராவின் 94-ஆவது ஆயத்தில், கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் அளவில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு அல்லாஹ் விசுவாசிகளைச் சோதிப்பான் என்றும், மறைவில் அவனுக்கு அஞ்சுபவர் யார் என்பதற்காகவே அந்தச் சோதனை என்றும் வருகிறது. ஹுதைபிய்யா ஆண்டில் இஹ்ராம் உடுத்திய ஸஹாபாக்களின் கூடாரங்களுக்கு அருகிலேயே வேட்டைப் பிராணிகள் வந்து திரிந்ததாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். பசி இருக்கிறது; கையில் ஈட்டி இருக்கிறது; எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இறைச்சி நிற்கிறது. தொடவில்லை. இஹ்ராம் இல்லாத அபூகத்தாதா (ரலி) அவர்கள் ஒரு காட்டுக் கழுதையை வீழ்த்தியபோது, இஹ்ராமில் இருந்தவர்கள் அதை உண்ணலாமா என்ற கேள்வி எழுந்தது. உங்களில் யாராவது அதைத் தாக்கத் தூண்டினீர்களா, சுட்டிக் காட்டினீர்களா என்றே பெருமானார் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். விரல் நீட்டியதுகூடக் கணக்கில் வருகிறது! இஹ்ராமில் வேண்டுமென்றே கொன்றவன் ஈடு கொடுக்கவேண்டும்; மானுக்கு ஈடு ஓர் ஆடு என்று ஸஹாபாக்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

அந்த ஆயத்திலே 'மறைவில்' என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பரண்தான் நினைவுக்கு வருகிறது. மானுக்குத் தெரியாமல், ஊருக்குத் தெரியாமல், இருட்டில், இலைக்குள் ஒருவன்.

நம் நாட்டில் அந்த மறைவுக்கு இன்னொரு பெயரும் சேர்ந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். கொல்வது மட்டுமல்ல, பொறி வைப்பதும் விரட்டுவதும் அதற்கான முயற்சியும் வேட்டை என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே துப்பாக்கியோடு பரணில் காத்திருந்தவன், சுடாவிட்டாலும் குற்றவாளியாகலாம். வெளிமானைக் கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. நம் மாவட்டத்திலேயே வல்லநாட்டில் 1987-இல் வெளிமானுக்குச் சரணாலயம் அமைத்தார்கள். பதினாறு சதுர கிலோமீட்டர் சொச்சம். இந்தியாவின் தென்கோடியில் இயற்கையாக வாழும் வெளிமான்கள் அவைதாம். "அரசாங்கச் சட்டம்தானே, ஷரீஅத்தா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். மாயிதாவின் முதல் ஆயத்து வேட்டையைப் பற்றிப் பேசுகிறது; அதே ஆயத்து தொடங்குவது உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடு. மக்கா ஹரமில் வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது என்று அறிந்த நமக்கு, வேலியில்லாத ஓர் எல்லைக்குள் பிராணி பத்திரமாக இருக்கும் என்பது புதிய செய்தியா? புனிதத்தில் இரண்டையும் நான் ஒப்பிடவில்லை, பழக்கத்தைச் சொல்கிறேன். ஓலைப்பெட்டிக்குள் மூடி, "மான்கறி, ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது வீட்டுக் கொல்லைப்பக்கம் கொண்டுவந்தால், நம் பெண்கள் அதை வாங்கவேண்டாம். ரகசியம் என்று சொன்னபோதே பாதிப் பதில் வந்துவிட்டது.

விவசாயியின் துயரத்தை நான் மறக்கவில்லை. பயிரிட்டதைப் பறவையோ மிருகமோ தின்றாலும் அது ஸதகா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கடன்காரனிடம் காட்டிக் கடனை அடைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இன்று கரிசலில் மானைவிடக் காட்டுப்பன்றியின் தொல்லை பெரிது. மக்காச்சோளம் போட்டவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். அதற்காக அவுட்டுக்காய் வைப்பதையும் வேலியில் மின்சாரம் விடுவதையும் ஒப்ப முடியாது. அவை யார் வந்தாலும் கொல்லும். மனிதர்களையும் கொன்றிருக்கின்றன. பரண் போடுங்கள், தீ மூட்டுங்கள், தகரத்தைத் தட்டுங்கள், இழப்பீட்டுக்கு மனுப் போடுங்கள். சலிப்பான வேலைதான்.

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் எட்டயபுரம். அங்கேதான் உமறுப் புலவர் அடங்கியிருக்கிறார். சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில் அவர் மானுக்குப் பிணை நின்ற படலம் பாடினார். வேடன் கட்டிப்போட்ட பெண்மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன் என்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தாமே பிணை நிற்கிறார்கள். மான் சொன்னபடி திரும்புகிறது. வேடன் மனம் மாறுகிறான். இந்த நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் சொல்வதையும் மறைக்கக்கூடாது. ஆனால் கரிசல் மண்ணோடு சேர்ந்த புலவர் ஒருவர் அதை ஏன் அவ்வளவு உருகிப் பாடினார் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்த வேடன் மானை நேருக்கு நேர் பார்த்தான். பரண்மேல் இருப்பவனுக்கு அதன் முதுகுதான் தெரியும்.

மருமகன் ஏணிப் பரணே வாங்கினான். டிசம்பரில் பேசினான். சுபுஹை மரத்தடியில் தொழுதுவிட்டு ஏறினானாம். மூன்றாம் நாள் ஒரு கிடா வந்தது, சுட்டான், சரியாகப் பட்டது. வாரை அவிழ்க்கக் கை ஒத்துழைக்கவில்லை. இறங்கிக் கத்தியோடு போவதற்குள் உயிர் போய்விட்டது. பிஸ்மி சொன்னோமா இல்லையா என்பதே நினைவில்லை என்றான். "மறந்ததற்கு மன்னிப்பு உண்டு. குண்டுதான் பிரச்சினை. உன் ஊர் ஆலிமிடம் கேள்" என்றேன். அவனுக்கு அதற்குள் மனம் விட்டுப்போயிருந்தது. இறைச்சியைத் தொடவில்லை. கூட வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்களாம்.

"பரணை என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

"மரத்திலேயே இருக்கிறது மாமா. பனி உறைந்துவிட்டது. இனி வசந்தம் வந்தால்தான் கழற்ற முடியும்" என்றான்.