யார் பாடினால் அது வழிபாடு?

எலெக்ட்ரிக் புரூன்ஸ் என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் ராக் குழுவின் பெயரில் 1968இன் தொடக்கத்தில் ‘மாஸ் இன் எஃப் மைனர்’ என்ற இசைத்தட்டு வெளிவந்தது. கத்தோலிக்கத் திருப்பலியில் காலங்காலமாகப் பாடப்படும் கீரியே, குளோரியா, கிரேதோ, சாங்த்துஸ், பெனெதிக்துஸ், ஆக்னுஸ் தேயி ஆகிய ஆறு பகுதிகளும் அதில் உண்டு. கீரியே கிரேக்கத்திலும் மற்றவை லத்தீனிலும் பாடப்பட்டன. கூடவே மின்கிதாரின் உறுமலும் ஃபீட்பேக் இரைச்சலும் வயலின், ஊதுகருவிகளும். அரை மணிக்கும் குறைவான இசை. வீட்டுக் கார் கொட்டகையில் பழகிய பையன்களின் கரடுமுரடான வாசிப்பிலிருந்து பிறந்தது கராஜ் ராக்; அதில் மனமயக்க ஒலிகள் கலந்தபோது சைக்கடெலிக் வகை உருவானது. அந்த வகையில் 1967இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 11ஆம் இடம் வரை ஏறிய பாடல் ஒன்று இந்தக் குழுவுக்கு இருந்தது. அந்தப் பாடலையும் எழுதியவர்கள் ஆனெட் டக்கர், நான்சி மான்ட்ஸ் என்ற வெளியார் இருவரே. திருப்பலி இசைத்தட்டிலோ வெளியாரின் பங்கு இன்னும் தூரம் போனது. ஒவ்வொரு சுரத்தையும் எழுதி அமைத்தவர் டேவிட் ஆக்செல்ராட். தயாரித்தவர் டேவ் ஹாசிங்கர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஒலிப்பதிவுகளில் பொறியாளராக இருந்தவர், எலெக்ட்ரிக் புரூன்ஸ் என்ற பெயரின் உரிமையும் அவரிடமே இருந்தது. தாளில் எழுதிய சுரக்குறிப்பைப் பார்த்து வாசிப்பது கராஜ் குழுக்களுக்குப் பழக்கமில்லாத வேலை. பதிவு மெதுவாக நகர்ந்ததால் கனடாவின் கலெக்டர்ஸ் குழுவினரையும் ஸ்டுடியோ கலைஞர்களையும் வரவழைத்து மிச்சத்தை முடித்தார்கள். ஆக, சொல் அவர்களுடையதல்ல, மெட்டு அவர்களுடையதல்ல, மொழியும் அல்ல. சில இடங்களில் வாசித்த கையும் அவர்களுடையதல்ல. இப்படி உருவான ஒன்று ஜெபமாக முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே என் பதில்.

முடியாது என்போர் பெரும்பாலும் சமயவாதிகள் அல்ல, இசை ரசிகர்கள். தானே எழுதி, தானே உணர்ந்து, தானே வாசித்தால்தான் பாட்டு உண்மையானது என்ற நம்பிக்கை அந்த ஆண்டுகளில் ராக் உலகில் வேரூன்றியது. தங்கள் முதல் தட்டுகளில் கருவிகளைப் பெரும்பாலும் வேறு ஆட்களே வாசித்தார்கள் என்பதற்காக மங்கீஸ் குழு 1967இல் பட்ட ஏளனம் கொஞ்சமல்ல. ஆனால் பேர்ட்ஸ் குழுவின் முதல் வெற்றிப் பாடலில், 1965இல், கருவி வாசித்த ஒரே உறுப்பினர் ரோஜர் மக்வின்தான். மற்றவை கூலிக்கு வந்த கலைஞர்களின் கைவண்ணம். அதை இன்றுவரை யாரும் போலி என்று தள்ளவில்லை. கலைஞனின் நேர்மையே கலையின் முதல் நிபந்தனை என்று டால்ஸ்டாய் 1890களின் இறுதியிலேயே வாதாடியிருந்தார். அந்த வாதம் அழகானது. தன் மனத்தைக் கொட்டும் காதல் பாட்டுக்கு அது பொருந்தவும் கூடும். ஜெபத்துக்கு அதே அளவுகோலைப் பிடிக்கும்போதுதான் பிழை நேர்கிறது.

இந்த வழக்கு ராக் இசைக்குப் பதினாறு நூற்றாண்டுகள் மூத்தது. ரோமப் பேரரசர் தியோக்ளேசியன் 303இல் கிறிஸ்தவர்களை வதைக்கத் தொடங்கியபோது, ஆயர்கள் சிலர் அஞ்சி வேதநூல்களை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் கை பட்ட திருப்பொழிவும் திருமுழுக்கும் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் ஒரு பெருங்கூட்டம் பிரிந்துபோனது. தொனாத்தியர் என்று அவர்களுக்குப் பெயர். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது; உயிரைக் கொடுத்துப் புத்தகத்தைக் காத்தவர்களின் வாரிசுகள் அவர்கள். ஆயினும் புனித அகுஸ்தினார் அவர்களை மறுத்தார். யூதாசே திருமுழுக்குக் கொடுத்தாலும், கொடுப்பவர் உண்மையில் கிறிஸ்துவே என்பது அவருடைய வாதத்தின் சாரம். கொடுப்பவனின் தூய்மையில்தான் அருள் தங்கியிருக்கிறது என்றால், பெறுபவன் எந்நாளும் அடுத்தவன் நெஞ்சைச் சோதித்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். எந்த எளியவனும் அந்தச் சோதனையை முடித்துவிட்டு மண்டியிட முடியாது. பாடகரின் உள்ளம் சுத்தமா என்று விசாரித்த பிறகே பாட்டை ஏற்பேன் என்னும் ரசிகர் அறியாமலே தொனாத்தியராகிறார்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அகுஸ்தினார் பேசியது திருமுழுக்கு போன்ற அருட்சாதனங்களைப் பற்றி. ரிப்ரைஸ் நிறுவனம் விற்ற வினைல் தட்டு அருட்சாதனம் அல்லவே. உண்மைதான். குருவானவர் இல்லாமல் அப்பமும் ரசமும் அர்ச்சிக்கப்படுவதில்லை. அர்ச்சிக்கும் வார்த்தைகள் இந்தத் தட்டில் இல்லவும் இல்லை. ஆனால் இதில் உள்ள ஆறு பகுதிகளும் குருவுக்கு மட்டுமே உரியவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இரக்கம் கேட்பதும், புகழ்வதும், விசுவாசத்தை அறிக்கையிடுவதும் மக்களும் பாடகர் குழுவும் செய்யக்கூடியவை. 1967 மார்ச்சில் வத்திக்கான் வெளியிட்ட திருவழிபாட்டு இசை அறிவுரையும் மக்களின் பாட்டைத்தான் வலியுறுத்தியது. மக்கள் என்றால் நம்பிக்கை தளர்ந்தவரும் அதில் உண்டு, லத்தீன் அறியாதவரும் உண்டு, வேறு நினைவில் நிற்பவரும் உண்டு. இசையமைப்பாளர் ரால்ஃப் வாகன் வில்லியம்ஸ் கடவுள் நம்பிக்கை உறுதியில்லாதவர். அவர் 1921இல் எழுதிய திருப்பலி இசை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலய வழிபாட்டிலேயே பாடப்பட்டது. மொசார்ட்டின் ரெக்வியமோ, அதைத் தன் படைப்பென்று காட்டிக்கொள்ள விரும்பிய ஒரு பிரபு ரகசியமாகப் பணம் கொடுத்து எழுதவைத்தது. 1791இல் மொசார்ட் இறந்த பிறகு மாணவர் சூஸ்மையர்தான் அதை முடித்துக்கொடுத்தார். கூலி, பொய்ப்பெயர், இரவல் கை மூன்றும் அதில் இருந்தும், இறந்தவர்களுக்காக அதைப் பாடி மன்றாடியோரின் மன்றாட்டு குறைபட்டதென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் கிளிப்பிள்ளை சொன்னாலும் ஜெபமா என்று கேட்கலாம். இல்லை. திருச்சபையின் மரபே ஒரு குறைந்தபட்ச நோக்கத்தைக் கேட்கிறது: இந்தச் செயலால் திருச்சபை எதைச் செய்கிறதோ அதைச் செய்ய எண்ண வேண்டும். பக்திப் பெருக்கு அந்த நிபந்தனையில் இல்லை. எலெக்ட்ரிக் புரூன்ஸின் பாடகர் ஜேம்ஸ் லோவும் தோழர்களும் திருப்பலியைத் திருப்பலியாகவே பாடினார்கள். நையாண்டி ஓரிடத்திலும் இல்லை. எனக்கு அது போதும். சைக்கடெலிக் இசையின் சொந்தச் சமயக் கொள்கைக்கு இது நேர் எதிரானது என்பதுதான் இந்தத் தட்டில் என்னை ஈர்ப்பது. எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1954இல் மெஸ்கலின் என்ற மனமயக்கப் பொருளைப் பற்றி எழுதியதிலிருந்து, 1962 புனித வெள்ளியன்று பாஸ்டனில் இறையியல் மாணவர்களுக்குச் சைலோசைபின் என்ற இன்னொரு மனமயக்கப் பொருளைக் கொடுத்து நடந்த சோதனை வரை, அந்தக் காலம் புனிதத்தைத் தனிமனித அனுபவத்தில் தேடியது. உள்ளே ஒளி தெரிந்தால் கடவுள், தெரியாவிட்டால் வெறுமை. திருப்பலிப் பாடம் அப்படிக் கேட்பதில்லை. உனக்குள் ஒன்றும் நிகழாத நாளிலும் இரக்கம் கேள் என்கிறது. வறண்ட மனத்தோடு வாய் மட்டும் அசைகிற நாட்களை நம்பிக்கையாளர் எல்லாரும் அறிவார்கள். அந்த நாட்களையும் கணக்கில் சேர்க்கிற மதமே மனிதர் வாழத் தக்க மதம் என்பேன்.

இன்னொரு ஆட்சேபம் இருக்கிறது. அதை நான் மறுக்கமாட்டேன். உழைத்தவர்களின் பெயரை அவர்களிடமிருந்து பிரித்து, வேறு கைகளை வைத்து வேலையை முடித்து, அதே பெயரில் விற்றது நியாயமா? நியாயமில்லை. கீரியே எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும் அந்தக் கணக்கைத் தீர்க்காது. அகுஸ்தினாரும் தீயவன் செய்த திருமுழுக்கு செல்லும் என்றாரே தவிர, தீயவன் குற்றமற்றவனாகிறான் என்று சொல்லவில்லை. செல்லுபடியாவது வேறு, நியாயமாவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும்போதுதான், புனிதமான பொருள் தந்தவர் என்பதற்காக ஆளை மன்னித்துவிடுகிறோம், அல்லது ஆள் சரியில்லை என்பதற்காகப் பொருளைத் தூக்கி எறிகிறோம்.

அதே 1968இல் ஆக்செல்ராடின் இசையமைப்பில், பழைய உறுப்பினர்களை விட்டுவிட்டு ஸ்டுடியோ கலைஞர்களைக் கொண்டு, எலெக்ட்ரிக் புரூன்ஸ் என்ற பெயரிலேயே ‘ரிலீஸ் ஆஃப் ஆன் ஓத்’ வந்தது. யூதர்கள் யோம் கிப்பூர் முன்மாலையில் ஓதும் கோல் நித்ரேயை அடிப்படையாகக் கொண்ட தட்டு அது. இங்கே என் வாதம் நின்றுவிடுகிறது. கோல் நித்ரே மன்றாட்டு அல்ல, பொருத்தனைகளை நீக்கும் சட்ட அறிவிப்பு. குறித்த நேரத்தில், நீதிமன்றம்போல் மூவர் நிற்க, சபை கூடியிருக்கும்போது அது சொல்லப்பட வேண்டும். மூவரும் சபையும் ஒலிநாடாவில் ஏறமாட்டார்கள். கீரியேயின் இரக்கத்தைத் திருப்பலித் தட்டோடு சேர்ந்து இன்றும் ஒருவர் கேட்டுக்கொள்ளலாம், அது அவருடைய மன்றாட்டாகிவிடும். கோல் நித்ரே தட்டை நூறு முறை ஓடவிட்டாலும் ஒரு பொருத்தனைகூட நீங்காது.