மத்தளம் சொல்லட்டும்

"டீச்சர், ஆட்டம் பாட்டெல்லாம் பிறகு பார்ப்பம். தரம் ஒன்றுக்குப் போற பிள்ளை, முதல்ல எழுத்தைப் படிப்பிச்சு விடுங்க."

மட்டக்களப்பின் கல்லடியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் நான் தாய்மாரிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அவர்களுடைய பயம் எனக்கு விளங்கும். ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒரு சமயக் கேள்வி கிடக்கிறது. ஆட்டம் என்பது அறிவு வரும்வரை பொழுதைக் கழிக்கும் வேலையா, இல்லை அதுவே அறிவா?

நடராசருக்கு விளக்கேற்றும் வீட்டில் வளர்ந்தவள் நான். உடுக்கையில் படைத்தல், அபயக் கையில் காத்தல், ஏந்திய தீயில் அழித்தல், ஊன்றிய காலில் மறைத்தல், தூக்கிய காலில் அருளல் என்கிறது சைவ சித்தாந்தம். ஐந்தொழிலும் ஆட்டத்தில்தான் நடக்கிறதென்று கும்பிட்டுவிட்டு, பிள்ளையிடம் "ஆட்டத்தை விட்டுட்டுப் படி" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

வாவிக்கரை ஊர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துப் பழக்கம் ஆடுவோருக்குச் சட்டம் (பாட்டுப் பிரதி) கொடுப்பதில் தொடங்கி அரங்கேற்றம்வரை மாதக்கணக்கில் நடக்கும். அப்படிப் பழக்கிய ஓர் அண்ணாவியாரை எங்கள் பிள்ளைகளிடம் அழைத்து வந்தேன். மணலில் வட்டமாக நிறுத்தினார். நாலு வயதுப் பையன் ஒருவன், தாளம் விழுமுன்னே பாய்ந்து பாய்ந்து ஆடினான். அண்ணாவியார் மத்தளத்தை உள்ளங்கையால் அமத்திப் பிடித்தார். "பொறு மனே, மத்தளம் சொல்லட்டும்." பையன் நின்றான். தூக்கிய கால் நடுங்கியது, விரல்கள் மடங்கின, கண் அண்ணாவியாரின் கையை விட்டு அசையவில்லை. அடி விழுந்ததும் சல்லரியோடு அவன் காலும் விழுந்தது. பிறகு பிற்பாட்டு. ஒருவர் பாடியதைக் காதில் வாங்கி, அப்படியே திருப்பிப் பாட வேண்டும். வாயே திறக்காத பிள்ளைகூட அந்தக் கூட்டுக் குரலுக்குள் முணுமுணுத்தது.

தரம் ஒன்றுக்கு வேண்டியது இதுதான். பொறுத்து நிற்பதும் மற்றவர் சொல்வதைக் கேட்பதும் வந்துவிட்டால், 'அ' தானாக வரும்.

அப்படியானால் கூத்தைப் 'பாடசாலைக்கு ஆயத்தம்' என்று நேரசூசியில் போட்டுவிடலாமா? எனக்கு அதில் உடன்பாடில்லை. தனக்கென ஒரு பயனும் கருதாமல் ஆடுகிறவன் இறைவன் என்பது சைவம். அந்தப் பையனும் பயன் எதையும் கருதவில்லை. அதே ஆட்டத்தைக் கலைவிழா மேடையில் பரிசுக்காக ஆட வைத்தபோது, அவன் மத்தளத்தைப் பார்க்கவில்லை. தாயின் முகத்தைத்தான் பார்த்தான். ஆட்டத்தின் பலன், அதைக் கேட்டு வாங்காதபோதே பிள்ளைக்குள் இறங்குகிறது.

ஆட்டத்தையும் பாட்டையும் அற்பமாக எண்ணாதவர்கள் முன்பும் இருந்தார்கள். துறவியான சுவாமி விபுலாநந்தர் 1926இல் நாடகம் பற்றி 'மதங்கசூளாமணி' எழுதினார். பழந்தமிழ் யாழை ஆராய்வதில் பல ஆண்டுகளைச் செலவிட்டார். 'யாழ் நூல்' வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தார். இசையும் நாடகமும் தவத்துக்குத் தடையென்று அவர் எண்ணவில்லை. யுத்த காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற தோட்டத்திலும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் கதையும் விளையாட்டுமாக ஒன்றாய் இருந்தார்கள். அவர்கள் சற்று வளர்ந்த பிள்ளைகள். ஆனாலும் பயந்த மனத்துக்கு முதலில் எது தேவை என்பதை அந்தத் தோட்டம் காட்டியது.

தாய்மாரே, விஜயதசமிக்கு அரிசியில் ஏடு தொடக்குங்கள், நல்லது. அதற்கு முன் உங்கள் ஊர் அண்ணாவியாரை ஒருநாள் முன்பள்ளிக்கு அழைத்து வாருங்கள். பரிசும் மேடையும் வேண்டாம். மணலும் மத்தளமும் போதும்.