மதீனாவில் பரீட்சை, குறிஞ்சிப்பாடியில் கேள்வி



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! புதன்கிழமை நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய மகன் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஓதுகிறார். வருடக் கடைசிப் பரீட்சை நெருங்கிவிட்டது. "கை நடுங்குதுங்குறான் ஹஜ்ரத், ஊருக்கே வந்துரட்டுமான்னு கேக்குறான்" என்று சொல்லி அழுதுவிட்டார்கள்.

அந்தப் பிள்ளையின் பயம் பொய்யான பயம் அல்ல. நம் பகுதியில் 1862 முதல் லால்பேட்டையில் மன்பவுல் அன்வார் இருக்கிறது. வேலூரில் பாகியாத் இருக்கிறது. நம் மத்ரஸாக்களில் உஸ்தாத் அரபி வாசகத்தை வாசித்து, தமிழில் பொருள் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். ஆனால் மதீனாவில் கேள்வியும் அரபி, பதிலும் அரபி. பக்கத்து மேசையில் அரபியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் உட்கார்ந்து மளமளவென்று எழுதுவார். நம் பிள்ளைக்கு விஷயம் தெரியும், வார்த்தை வராது. தெரிந்ததைச் சொல்ல முடியாத அந்த வேதனை அனுபவித்தவனுக்குத்தான் புரியும்.

கஹ்ஃப் சூராவில் மூஸா (அலை) அவர்களின் பயணத்தைப் பாருங்கள். அவர்கள் நபி, அல்லாஹ்வோடு பேசியவர்கள். கல்விக்காகப் புறப்பட்டுக் களைத்துப்போகும் அளவுக்கு நடந்தார்கள். பொறுமையாக இருப்பேன், இன்ஷா அல்லாஹ் என்று வாக்குக் கொடுத்தார்கள். கப்பல், சிறுவன், சுவர் என்ற மூன்று இடங்களிலும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்கள். அதனால் அவர்களின் அந்தஸ்து குறைந்ததா? இல்லையே! ஒரு தாளில் மார்க் குறைந்தால் மகனை ஊரே கேலி பேசும் என்று நினைக்கிற பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நானும் வெளிநாட்டில் ஓதியவன். பாகப்பிரிவினைப் பாடத்தில், ஃபராயிழில், கிதாபை ஒழுங்காகப் பார்க்கவில்லை. சீனியர் மாணவர்கள் எழுதி வைத்த சுருக்கக் குறிப்பு கைக்குக் கை மாறும். அதை மூன்று இரவில் மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் மும்தாஸ்! அதாவது முதல் தரம். வீட்டில் பிரியாணி ஆக்கினார்கள்.

ஊர் திரும்பி ஆறு மாதம் இருக்கும். ஒரு விதவைப் பெண்மணி வந்தார்கள். கணவர் மௌத்தாகிவிட்டார். 24 சென்ட் முந்திரித் தோப்பு. கணவரின் தாயார் இருக்கிறார், இரண்டு பெண் மக்கள், ஆண் பிள்ளை இல்லை, கணவருக்கு உடன்பிறந்த தம்பி ஒருவர். கடனும் வஸிய்யத்தும் இல்லை. தகப்பனார் முன்பே இறந்துவிட்டார். "யாருக்கு எவ்வளவு ஹஜ்ரத்?" என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தம்பி ஏற்கனவே பாதித் தோப்பில் வேலி போட ஆள் பேசிவிட்டார். நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

அன்று இரவு கிதாபைத் திறந்து, முதன்முறையாக உண்மையில் படித்தேன். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 சென்ட். தாய்க்கு ஆறில் ஒன்று, 4 சென்ட். இரண்டு மகள்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, 16 சென்ட், ஆளுக்கு 8. மீதி 1 சென்ட் தம்பிக்கு. அவர் 12 சென்டுக்கு வேலி போட இருந்தார்! நான் கூச்சப்பட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் அந்த அனாதைப் பெண்களின் ஹக் என் கழுத்தில் அல்லவா இருந்திருக்கும்?

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தூர தேசத்திலிருந்து ஒருவர் கேள்விகளைச் சுமந்து வந்தார். பல கேள்விகளுக்குத் "தெரியாது" என்றே இமாம் பதில் சொன்னார்கள். எனக்கு அந்த வார்த்தையும் அன்று வரவில்லை. "ரெண்டு நாள் கழிச்சு வாங்கம்மா" என்று சமாளித்தேன்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நான் போனில் சொன்னது இதுதான். தம்பி, சுருக்கக் குறிப்பைக் கடைசி நாளைக்கு வைத்துக்கொள். இப்போது கிதாபை எடு. தினம் ஒரு கேள்விக்குப் பதிலை அரபியில் எழுது, பிழையோடாவது எழுது, அரபிப் பேசும் நண்பனிடம் காட்டித் திருத்து. மக்ரிபுக்குப் பிறகு மஸ்ஜிதுந் நபவியில் உட்கார்ந்து படிக்கும் பாக்கியம் இங்கே எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இரவில் தூங்கு, ஃபஜ்ருக்குப் பிறகு மனப்பாடம் செய். காப்பி அடிக்காதே. ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த கடைத்தெரு நீ இருக்கிற அதே மதீனாவில்தான் இருந்தது.

பெற்றோர்களே, பரீட்சை முடியும் வரை வீட்டுச் சண்டையையும் கடன்காரன் வந்ததையும் போனில் சொல்லாதீர்கள். நெய்வேலியில் வேலைக்குப் போன பக்கத்து வீட்டுப் பையனின் சம்பளத்தையும் சொல்லாதீர்கள். ஹால் டிக்கெட்டோடு அதையும் சுமந்துகொண்டு அவன் எப்படி எழுதுவான்?

பயணியின் துஆவும், பிள்ளைக்காகப் பெற்றவர் கேட்கும் துஆவும் தட்டப்படாது என்று ஹதீஸில் வருகிறது. அங்கே அவன் பயணி, இங்கே நீங்கள் பெற்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் தாள். இன்று அஸருக்குப் பிறகு மக்ரிப் வரை கொஞ்ச நேரம் ஒதுக்கி, நம் ஊரிலிருந்து ஓதப் போயிருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்காகவும் கையேந்துங்கள். அல்லாஹ் கபூல் செய்வானாக, ஆமீன். ஸஃப்பை நேராக்கிக்கொள்ளுங்கள்.