பருவம் தப்பிய மழையும் நம் துஆவும்



2025 ரமழானின் 10-ஆம் நோன்பன்று, மார்ச் 11-ல், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கரையோரங்களில் பருவம் தப்பி மழை பெய்தது. வில்லாபுரத்தில் இருக்கும் நமக்கு, வெயில் கொஞ்சம் தணிந்தாலே நோன்புக்கு இதம், அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். சொல்ல வேண்டியதுதான்.

ஆனால் தூத்துக்குடி உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வடிந்த பிறகு பாத்திகளைச் சீர்செய்து, உப்புநீர் பாய்ச்சி, வெயிலுக்காகக் காத்திருக்கும் காலம் இது. இப்போது மழை இறங்கினால் விளைந்த உப்பு கரையும். தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதுவரை தினக்கூலிகளுக்கு வேலை இல்லை.

நபி (ஸல்) அவர்கள் மழையைக் கண்டால், பயன் தரும் மழையாக ஆக்கும்படி கேட்பார்கள். புகாரியில் அனஸ் (ரலி) அறிவிக்கும் சம்பவம் உங்களுக்குத் தெரியும். பஞ்சம் என்று ஒருவர் முறையிட, ஜும்ஆ உரையிலேயே துஆ செய்தார்கள். ஒரு வாரம் மழை நிற்கவில்லை. அடுத்த ஜும்ஆவில் ஒருவர் எழுந்து, பொருள்கள் அழிகின்றன, பாதைகள் அடைபட்டன என்றார். "மழை ரஹ்மத்தாயிற்றே, இப்படிப் பேசலாமா?" என்று நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை. குன்றுகளுக்கும் ஓடைகளுக்கும் அதைத் திருப்பும்படி கையேந்தினார்கள். மழையை ஏசுவது வேறு, கஷ்டத்தைச் சொல்லிக் கேட்பது வேறு.

இன்று நோன்பு திறக்குமுன் கேட்கும் துஆவில் உப்பளக்காரர்களையும் சேருங்கள். அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் போன் போட்டு விசாரியுங்கள், முடிந்ததை அனுப்புங்கள். ஸதகா கொடுக்க மதம் பார்க்க வேண்டியதில்லை.